ஒரு பெயர், இருபது விரல்கள்

ரப்பர் உருளை கண்ணாடிப் பலகையின் மேல் நெடுக்கே போய், குறுக்கே திரும்பி, மறுபடி நெடுக்கே வந்தது. பலகையில் வைத்தது பட்டாணி அளவு மைதான். ஒரு பெண்ணின் கைகள் அதை அவசரமில்லாமல் இழுத்து விரித்தன. முதலில் பிசுக் பிசுக்கென்று ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. உருட்ட உருட்ட அது அடங்கி, பட்டுத்துணியைத் தேய்ப்பது போன்ற மெல்லிய சரசரப்பாக மாறியது. அந்தச் சத்தம் வந்ததும் கைகள் நின்றன. உருளை ஓரமாகப் போயிற்று. வலது கை நீண்டு, எதிரே நின்றவரின் மணிக்கட்டைப் பிடித்தது.

“கையை என்கிட்ட விட்டுடுங்க. நீங்க எதுவும் செய்யக் கூடாது.”

“விட்டுட்டேன்க்கா.”

“எங்க விட்டீங்க? தோள்லேர்ந்து கட்டை மாதிரி இருக்கு. சுவத்துல இருக்கற கடிகாரத்தைப் பாருங்க.”

“அதைப் பாத்தாத்தான் இன்னும் விறைக்குது.”

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற தம்பிக்காரன் சிரித்தான். கையில் ஒரு சாவிக்கொத்து. அதை விரலில் மாட்டி விர்ர்ரென்று சுழற்றுவதும் பிடிப்பதுமாக இருந்தான். “எங்கண்ணன் ஸ்டியரிங்கையே கழுத்தை நெரிக்கற மாதிரிதான் பிடிப்பாருக்கா. அவர் கையை வாங்கறது சுலபமில்லை.”

அண்ணன் சிரிக்கவில்லை. அவர் வேன் ஓட்டுபவர். பள்ளிக்கூடக் குழந்தைகளை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்திருந்தது. கிடைத்திருந்தது என்பதும் முழு உண்மையில்லை. நன்னடத்தைச் சான்றைக் கொண்டுவந்தால்தான் வேலை. விண்ணப்பம் போட்டார். காவல்துறைப் பதிவேட்டு அலுவலகத்தில் முதலில் பெயரை வைத்துத் தேடினார்கள். அவர் பெயர், அவர் அப்பா பெயர், அவர் பிறந்த தேதி, மூன்றும் அப்படியே பொருந்தி ஒரு கைது வந்து நின்றது. திருட்டு பைக் தொடர்பாகப் பிடித்தது. இருபது வருடத்துக்கு மேல் பழசு. வழக்குப் போடாமல் விட்டிருந்தார்கள். ஆனாலும் கைது கைதுதான். அவர் வாழ்க்கையில் காவல்நிலையத்துக்குள் கால் வைத்ததே இல்லை. தன்னுடைய பதிவின் நகலைக் கேட்டு எழுதிக்கொடுத்து வாங்கினார். கைது செய்த அன்று எடுத்த கைரேகைத் தாளின் பிரதியும் அதோடு வந்தது. ‘இது நான் இல்லை’ என்று எழுதிக்கொடுத்தார். அப்படியானால் உங்கள் பத்து விரலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒத்துப் பார்க்கிறோம் என்று அலுவலக ஜன்னலில் சொல்லிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் கொடுத்த கெடு நாளைக் காலை. தாள் இல்லாமல் போனால் வேன் சாவி வேறொருவர் கைக்குப் போய்விடும்.

“நான் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன், வேன்காரரே.” அவள் அவருடைய வலது கட்டைவிரலைப் பலகையில் உருட்டி, கார்டின் முதல் கட்டத்தில் வைத்து, உடம்பை நோக்கி ஒரே உருட்டாக உருட்டி எடுத்தாள். “விரல் ஒத்துப் போகலைன்னு தெரிஞ்சாலும் அவங்க உடனே தாள் குடுக்க மாட்டாங்க. உங்க பேரு அங்க எப்படி வந்துச்சுன்னு விசாரிப்பாங்க. அது முடிய மாசக்கணக்காகும்.”

“தெரியும்க்கா. ஜன்னல்ல சொன்னாங்க. கார்டைக் குடுத்து, குடுத்தேன்னு ஒரு ரசீதையாவது வாங்கிட்டுப் போய் ஸ்கூல்ல கெஞ்சிப் பாக்கறேன்.”

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் மையக்கா. பதிவேட்டு அலுவலகத்துக்கு நேர் எதிரே, நகல் எடுக்கும் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில், ஒரு மேஜையும் ஒரு குழாயும் மட்டும் கொண்ட அறை அவளுடையது. அதற்கு முன் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் வந்து ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டபோது, முதலாளி அவளிடம் வேண்டியதை எடுத்துக்கொள் என்றார். அவள் ஓர் உருளையை எடுத்துக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. பிறகு ஒருநாள் இந்தத் தெருவில், ரேகை சரியாக விழவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் நடைபாதையில் நின்று தன் கார்டை வெறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். எட்டிப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மை அதிகம். அச்சுக்காரக் கண்ணுக்கு அது போதும்.

யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. திரும்பி வந்த கார்டுகள்தான் சொல்லித்தந்தன. அவற்றைத் தூக்கிப்போடாமல் சுவரில் குத்திவைத்து, ஒவ்வொன்றிலும் எது கெட்டது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். வேர்த்த விரல், காய்ந்த விரல், தானே அழுத்தி உதவி செய்ய வந்த விரல், நகத்துக்கு நகம் போய்ச் சேராமல் பாதியில் நின்ற விரல். அலுவலகத்தார் அவளைச் சோதித்து அனுமதித் தாள் கொடுத்ததெல்லாம் அப்புறம். எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. தையற்காரரான அவள் கணவர் சொல்வார்: “நம்ம வீட்ல திருடன் புகுந்தா போலீஸ் முதல்ல உன்னைத்தான் கூட்டிட்டுப் போகும். கதவு, ஜன்னல், டம்ளர், எல்லாத்துலயும் நீதானே இருக்கே.”

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதற்காக ரேகை எடுக்கிறீர்கள் என்று கேட்கலாம். என்ன செய்தீர்கள் என்று யாரையும் கேட்டதில்லை. விரலைப் பார்த்துத் தெரிந்துகொண்டதை வாய்விட்டுச் சொன்னதும் இல்லை.

வலது கை முடிகிற நேரத்தில் ஓர் அம்மாள் தம்பிக்காரனைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“இங்கதானே ரேகை பாக்கறது? மாடி வீட்டுக்கு ஒருத்தர் வாடகைக்கு வர்றாரு. ஆளைப் பாத்தா நல்லவராத்தான் இருக்காரு. அதான் பயமா இருக்கு.”

“அவர் வந்திருக்காரா?”

“அவருக்குத் தெரியாது.” அம்மாள் குரலைத் தாழ்த்தி, பையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். “அவர் டீ குடிச்ச டம்ளர். கழுவாம எடுத்துட்டு வந்திருக்கேன்.”

“கழுவிடுங்கம்மா.”

“என்னது?”

“கழுவிக் கவுத்து வையுங்க. கோர்ட்டுல முடிஞ்ச கேஸுன்னா, கோர்ட்டு ஆபீஸ்ல பேரைச் சொல்லி நீங்களே தேடிக்கலாம். ஆனா ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்க, பாத்துக்குங்க. பிடிச்சிட்டு வந்து விட்டதெல்லாம் எதிர்ல இருக்கற ஆபீஸ்லதான் இருக்கும். அங்க அவங்கவங்க ரெக்கார்டு அவங்கவங்களுக்குத்தான். அவரே வந்து, அவர் அடையாள அட்டையைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, விரலையும் குடுக்கணும். வந்த தாளை அவர்கிட்டயே கேட்டு வாங்கிப் பாருங்க.”

“அவர்கிட்ட எப்படிங்க கேக்கறது? சங்கடமா இருக்காது?”

“டம்ளரைத் திருடறதை விட சங்கடம் கம்மிதான்.”

அம்மாள் டம்ளரை மறுபடி சுற்றிக்கொண்டு போய்விட்டாள். தம்பிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “அண்ணா, உன் டம்ளரையும் கொண்டு வந்திருக்கலாம். இவ்வளவு நேரம் நிக்க வேண்டியதில்லை.”

“நீ சாவியைச் சுத்தறதை நிறுத்து முதல்ல. தலை சுத்துது,” என்றார் வேன்காரர். அவன் நிறுத்தவில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். மாட்டியிருந்தவை ஆஸ்பத்திரிகளிலும் அடுக்குமாடிகளிலும் உள்ள லிஃப்ட் அறைகளின் சாவிகள். சும்மா இருக்கும்போது அவை அவன் விரலில் சுற்றிக்கொண்டிருக்கும்.

மையக்கா இடது கைக்கு வந்தாள். கட்டைவிரல் சுத்தமாக விழுந்தது. ஆள்காட்டி விரலை வெளிப்பக்கமாக உருட்டி எடுத்ததும், வேன்காரர் குனிந்து கார்டைப் பார்த்தார். அவர் விரலில் ஒரு பழைய வெட்டு இருந்தது, எஞ்சின் பெல்ட் இழுத்தது. கார்டில் அது ரேகைகளின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது.

“அக்கா, இது தப்பா விழுந்திருக்கே.”

“என்ன தப்பு?”

“என் வெட்டு இந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. தாள்ல அந்தப் பக்கம் சாயுது.”

“அச்சுன்னா அப்படித்தான்.” அவள் நடுவிரலுக்கு மை தடவிக்கொண்டே சொன்னாள். எழுத்துகளைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் படித்தே பழகியவளுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. “கண்ணாடியில பாக்கற மாதிரி. எல்லாம் பக்கம் மாறித்தான் விழும்.”

“எல்லா விரலுமா?”

“எல்லா விரலும்தான்.”

“கைது பண்ணப்ப எடுத்த அந்தத் தாள்லயும்?”

“அதுவும் அச்சுதானே.”

சாவிக்கொத்தின் சத்தம் நின்றுவிட்டது.

அது நின்றதும்தான் அவள் நிமிர்ந்தாள். வேன்காரர் கார்டைப் பார்க்கவில்லை. வாசலையும் பார்க்கவில்லை. மேஜை ஓரத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த நகலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அதைக் கொஞ்சம் எடுங்க. என் கையெல்லாம் மை.”

அவள் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கைதுத் தாளின் இடது கை வரிசை. நான்காவது கட்டம், மோதிர விரல். ரேகைகளைச் சாய்வாக அறுத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு. கோட்டின் இரு பக்கமும் ரேகைகள் சுருங்கியிருந்தன. சின்ன வயதில் ஆழமாக வெட்டுப்பட்டு, தோலோடு வளர்ந்த தழும்பு அப்படித்தான் விழும்.

“இங்க வாடா,” என்றார் வேன்காரர்.

“எதுக்கு?”

“இடது கையைக் காட்டு.”

“என்னண்ணா நீ, திடீர்னு...”

“காட்டுடா!”

அவன் வந்தான். சாவிக்கொத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு இடது கையை நீட்டினான். மோதிர விரலின் நடுவே தழும்பு, கோட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

வேன்காரர் விரலையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“இந்த நகல் வந்த அன்னிக்கே எனக்கு நம்ம சைக்கிள் ஞாபகம் வந்துச்சு.” வேன்காரரின் குரல் உயரவில்லை. “நீ செயின்ல விரலை வச்சிருந்தப்ப பெடலை மிதிச்சவன் நான்தானே. அன்னிக்கு நீ சாப்பிட உக்காந்தப்ப உன் கையை எட்டிப் பாத்தேன். சாய்வு வேற பக்கமா இருந்துச்சு. கூடப் பொறந்தவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமேன்னு எனக்கே அசிங்கமாப் போச்சுடா. அதுக்குத்தான் இன்னிக்கு உன்னைத் துணைக்குக் கூப்பிட்டேன்.”

தம்பி தரையைப் பார்த்தான். “நானும் பாத்தேன்.”

“என்ன பாத்தே?”

“அந்த நகலை. நீ குளிக்கப் போனப்ப. தழும்பு மாறி இருந்துச்சா... ஆபீஸ்ல வேற யாரோட தாளையோ சேத்து வச்சிட்டாங்க, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சேன். இல்லேன்னா உன்னோட இந்த வாசல் வரைக்கும் வந்திருக்கவே மாட்டேன்.”

“அப்ப அது நீதான்.”

“பைக் திருட்டு பைக்னு சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணா. பின்னாடி உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். ஒரு ராத்திரி வச்சிருந்துட்டு, ஓட்டிட்டு வந்தவன்தான் திருடன்னு தெரிஞ்சதும் விட்டுட்டாங்க. பேரு கேட்டப்ப வாய்ல உன் பேருதான் வந்துச்சு, பிறந்த தேதியும் உன்னுதையே சொல்லிட்டேன். நீ அப்ப லாரியில வெளியூர் போயிருந்தே. போலீஸ் வீட்டுக்கு வந்தாலும், அவன் ஊர்லயே இல்லையேன்னு அப்பா சொல்லிடுவாரு, அவங்களும் போயிடுவாங்கன்னு...” அவன் நிறுத்தினான். “அப்பாவோட பெல்ட் உனக்குத் தெரியாததா?”

“பேங்க் பண வண்டி வேலை,” என்றார் வேன்காரர்.

தம்பி சாவிக்கொத்தை இறுகப் பிடித்தான்.

“ஏர்போர்ட் வேலை. ரெண்டு இடத்துலயும் எல்லாம் முடிஞ்சு, கடைசியில வேற ஆளைப் பாத்துக்கிட்டோம்னாங்க. ஏன்னு யாரும் சொல்லலை. நான் பேச்சு சரியில்லையோ, வயசாயிடுச்சோன்னு கண்ணாடியைப் பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு தடவையும் பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொன்னது யாரு? நீ.”

“அது இதனாலன்னு எனக்கு அப்பத் தெரியாதுண்ணா. நிஜமா.”

“இந்த நகல் வந்தப்பத் தெரிஞ்சுதில்ல?”

தம்பி முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

வேன்காரர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு மையக்காவைப் பார்த்தார். “போதும்க்கா. கார்டைக் கிழிச்சிடுங்க.”

“எதுக்கு?”

“இது உள்ள போனா பேரு எப்படி வந்துச்சுன்னு விசாரிப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. எனக்குத் தெரியாதுன்னு இனிமே நான் எப்படிச் சொல்லுவேன்? இவனுக்கு வருஷா வருஷம் ஆஸ்பத்திரிக்காரங்க சான்று கேக்கறாங்க. இவன் பேரு சுத்தமா இருக்கறதாலதான் சாவியைக் குடுக்கறாங்க.” அவர் கதவை நோக்கித் திரும்பினார். “ஸ்கூல்ல நான் சொல்லிக்கறேன். வீட்ல யாருக்கும் தெரிய வேண்டாம். அம்மாவுக்கும்தான்டா, கேட்டுக்கோ.”

“எதையும் தொடாதீங்க!”

மையக்கா கத்தியதில் அவர் அப்படியே நின்றுவிட்டார். கதவுப் பிடிக்கு ஒரு சாண் தூரத்தில் கை. இரண்டு கையிலும் ஏழெட்டு விரல் கறுப்பு. எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டார், யாரோ துப்பாக்கி காட்டி நிறுத்தியதுபோல. சிரிக்க வேண்டிய காட்சிதான். யாரும் சிரிக்கவில்லை.

இது அவள் பேசக்கூடிய இடமில்லை. கார்டைக் கிழிக்கச் சொன்னால் கிழிப்பதோடு அவள் வேலை முடிந்தது. பாதியில் நின்ற கார்டு அவள் முன்னால் கிடந்தது. அடிவரிசை முழுக்கக் காலி. அவள் கையிலிருந்து ஒரு கார்டு அப்படி அரைகுறையாகப் போனதில்லை.

“வேன்காரரே, நான் உங்க குடும்பத்துக்குள்ள வரலை,” என்றாள். “அந்த ஜன்னல்ல என்ன நடக்கும்கறதை மட்டும் சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் கிழிக்கச் சொல்லுங்க. கேஸ் போடாம விட்ட பழைய கைதை நீக்கச் சொல்லி எழுதிக் குடுக்கலாம். அதுக்கு வழி இருக்கு. ஆனா யாரோட ரெக்கார்டோ அவங்கதான் கேக்கணும். இதுல பேரு உங்களுது, விரல் உங்களுது இல்லை. சின்னவரே, விரல் உங்களுது, பேரு உங்களுது இல்லை. யார் தனியாப் போனாலும், இது உங்க ரெக்கார்டே இல்லைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. இவர் மாசக்கணக்கா அலையணும். நீங்க ஆயுசுக்கும் பயந்துக்கிட்டு இருக்கணும்.”

“ரெண்டு பேரும் போனா?” என்றான் தம்பி.

“ரெண்டு கார்டு, ஒரே விண்ணப்பம். பேருக்கு உரியவரும் விரலுக்கு உரியவரும் ஒண்ணா நிக்கணும். அப்படி ஒரு தடவை நடந்து பாத்திருக்கேன். விரல் யாருதுன்னு அவங்களே வந்து சொல்லிட்டா, பேருக்காரருக்கு அன்னிக்கே ஒரு தாள் குடுத்துடுவாங்க, இது இவர் இல்லைன்னு. ஸ்கூலுக்கு அது போதும்.”

“விரல்காரருக்கு?”

“பொய்ப் பேரு குடுத்ததுக்கு என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு எச்சரிச்சு விட்டாங்க. இன்னிக்கும் அப்படித்தான்னு நான் சொல்ல முடியாது.” அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “நாலு மணிக்கு ஜன்னல் மூடிடும்.”

“வேண்டாம்,” என்றார் வேன்காரர், கையைத் தூக்கியபடியே. “இவனை மாட்டிவிட்டு வர்ற வேலையெல்லாம் எனக்கு வேண்டாம். கிழிங்கக்கா.”

தம்பி சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தான்.

“எனக்கும் ஒரு கார்டு போடுங்கக்கா.”

“வாயை மூடுடா. உன் வேலை போச்சுன்னா?”

“லிஃப்ட் எங்கண்ணா ஓடிப் போயிடும்? நடுவுல நின்னுபோச்சுன்னா யாராவது கூப்பிடத்தான் செய்வாங்க. நீ பேசாம இரு. அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னியே, அதைத்தான் தாங்க முடியலை.” அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். “நீ நாலு அறை விட்டிருந்தா நான் ஓடிப் போயிருப்பேன்.”

“மையா இருக்கு. அதான் விடலை,” என்றார் அண்ணன்.

மையக்கா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தம்பியின் பக்கம் தள்ளினாள். “முதல்ல எழுதுங்க. மை பட்டா பேனா பிடிக்க முடியாது. நடந்ததை மட்டும் எழுதுங்க, கதை வேண்டாம். ரெண்டு பேர் பேரும் வரணும். வேன்காரரே, கையை இறக்கிட்டு இங்க வாங்க.”

அவன் எழுத எழுத, அவள் அண்ணனின் மீதி விரல்களை முடித்தாள். அடிவரிசையில் நான்கு விரல்களைச் சேர்த்து ஒரே அழுத்தாக வைத்தாள். மேல் வரிசையில் விரல்கள் இடம் மாறியிருந்தால் அந்த அடிவரிசை காட்டிக்கொடுத்துவிடும். எதுவும் மாறவில்லை. வேன்காரர் மை படாத புறங்கையால் தாளை அழுத்திப் பிடிக்க, அவள் தம்பி எழுதியதற்குக் கீழே அவருக்குப் பேனாவை இரண்டு விரல் நடுவில் செருகிக் கையெழுத்து வாங்கினாள். கையெழுத்து கோணியது, ஆனால் கையெழுத்துதான்.

தம்பியின் வலது கை ஓடிவிட்டது. இடது கைக்கு வந்தபோது நடுங்க ஆரம்பித்தான். மோதிர விரல் கட்டத்தில் விரல் வழுக்கி, ரேகை இழுபட்டு, தழும்பு இருக்கும் இடம் கறுப்புத் திட்டாகிப் போனது. மற்ற எந்த விரல் கெட்டாலும் சமாளிக்கலாம். ஜன்னலில் முதலில் பார்க்கப்போவது இந்த ஒரு விரலைத்தான். அவள் கார்டைச் சுவரில் குத்தினாள். இழுப்பறையைத் திறந்தாள். அங்கே ஒரே ஒரு கார்டு இருந்தது.

“இது கடைசி,” என்றாள். சொல்லியிருக்கக் கூடாது. அவன் இன்னும் நடுங்கினான்.

மறுபடி வலது கையிலிருந்து. உருளை, பலகை, கட்டம். உருளை, பலகை, கட்டம். இடது மோதிர விரல் வந்ததும் அவள் பலகையில் இருந்த மையைத் துடைத்துவிட்டுப் புதிதாக, இன்னும் மெல்லியதாக விரித்தாள். தழும்பின் பள்ளத்தில் மை தேங்கக் கூடாது. அவனுடைய கை தோளிலிருந்து இரும்பாக இருந்தது.

“விடுங்க, சின்னவரே.”

“விட்டுட்டுத்தான்க்கா இருக்கேன்.”

“இல்லை.”

வேன்காரர் தம்பியின் முதுகுப்பக்கம் வந்து நின்றார். தொடவில்லை. தொட்டால் சட்டையெல்லாம் மையாகிவிடும்.

“டேய்,” என்றார். “பாரு. என் கால் ரெண்டும் தரையில இருக்கு. பெடல்மேல எதுவும் இல்லை. கையை விடு.”

தம்பியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா வேறெதுவுமா என்று மையக்கா பார்க்கவில்லை. தோள் இறங்கியதை மட்டும் அவள் கை உணர்ந்தது. அந்த நொடியிலேயே உருட்டிவிட்டாள். நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, ஒரே ஓட்டம், நேராக மேலே தூக்கி எடுத்தாள்.

வெள்ளைக் கோடு முடிபோல விழுந்திருந்தது. சுருங்கிய ரேகைகள் ஒவ்வொன்றையும் எண்ணலாம். நகலைப் பக்கத்தில் வைத்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். இப்போது இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

“வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு,” என்றார் வேன்காரர் மெதுவாக.

“வர்றேன்,” என்றான் தம்பி.

சுண்டுவிரல், அடிவரிசை, அவளுடைய கையெழுத்து, ‘என் முன்னிலையில் எடுக்கப்பட்டது’. இரண்டு கார்டிலும் போட்டாள். கடிகாரம் நான்கைத் தொடப் போயிருந்தது. எதிர்ப்பக்கம் ஜன்னலின் மரக்கதவில் ஒரு கை தெரிந்தது.

“கழுவ நேரமில்லை. நீங்க யாரும் எதையும் தொட வேண்டாம், என் பின்னாலேயே வாங்க.” நகலையும் விண்ணப்பத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். இரண்டு உள்ளங்கையிலும் ஈரக் கார்டு ஒவ்வொன்றாக ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஒரு வண்டி சத்தமாக ஹாரன் அடித்து நின்றது. கறுத்த கைகளை முன்னால் நீட்டியபடி இரண்டு ஆண்கள் அவள் பின்னால் வர, வைய வாயைத் திறந்த ஓட்டுநர் அப்படியே மூடிக்கொண்டார்.

ஜன்னல்காரருக்கு இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. அவர் அங்கிருந்து எழுந்து யாரும் பார்த்ததில்லை. பாதி மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன மையக்கா, நீங்களே வந்துட்டீங்க? உங்களுக்கு ரோட்டைத் தாண்டத் தெரியுமா?”

“கதவை மூடாதீங்க.”

“நாளைக்கு வாங்க. மணியைப் பாருங்க.”

“மணி இன்னும் ஆகலை. பாருங்க.”

அவர் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். அவள் பின்னால் நின்ற இருவரையும் பார்த்தார், அவர்கள் கைகளைப் பார்த்தார், அவள் ஏந்தியிருந்ததைப் பார்த்தார்.

“ஒருத்தரைத்தானே வரச் சொன்னேன். எதுக்கு ரெண்டு கார்டு?”

“பேருக்கு ஒண்ணு, விரலுக்கு ஒண்ணு,” என்றாள் மையக்கா. “ஒரே விண்ணப்பம்.”

ஜன்னல்காரர் மரக்கதவை முழுதாகத் தள்ளித் திறந்து, இரண்டு கையையும் வெளியே நீட்டினார். “எது யாருது?”

வேன்காரர் பேச வாயெடுத்தார். அதற்குள் தம்பி முன்னால் வந்து, கறுத்த விரலால் தொடாமல் சுட்டிக்காட்டினான். “இது அண்ணன். இது நான்.”

“ஈரம் காயலை,” என்றாள் மையக்கா. “ஓரத்தைப் பிடிங்க.”

அவர் இரண்டு கார்டையும் ஓரத்தில் பிடித்து வாங்கிக்கொண்டார்.